பதினேழு வாரங்கள்: பணிச்சோர்வில் விழுந்த ஒரு போதகர் மீண்ட விதம் – நிகழ்வு ஆய்வு

## பதிவின் எல்லை

மட்டக்களப்பு மாவட்டத்தின் தெற்கே ஊழியம் செய்யும் ஒரு போதகருக்கு 2023 ஓகஸ்ட் தொடக்கம் 2024 டிசெம்பர் வரை நடந்தது இங்கே பதியப்படுகிறது. ஊர், திருச்சபை, குடும்ப விவரம் ஆகியவற்றில் ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடியவை விடப்பட்டுள்ளன, சில மாற்றப்பட்டுள்ளன. அவருக்குத் துணைநின்ற குழுவில் மூன்று பேர்: ஓய்வுபெற்ற போதகர் ஒருவர், உளவளத்துணையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர். மூப்பர்களும் போதகர்களின் வீட்டாரும் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம். எங்கள் பக்கத்துப் பிழைகளும் இதில் உண்டு.

## பின்னணி

போதகர் நாற்பதுகளின் நடுவில் இருப்பவர். பதினான்கு வருட ஊழியம். பொறுப்பில் மூன்று சபைகள், 118 குடும்பங்கள். இரண்டு சபைகள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், ஒன்று வாவிக்கு அப்பால் மேற்கே படுவான்கரையில். ஞாயிறு காலை 6.30க்கு ஓர் ஆராதனை, 9.00க்கு இன்னொன்று. பிறகு சாப்பிட்டதும் சாப்பிடாததுமாக மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடந்து 3.30க்கு மூன்றாவது. (பாதை என்று இங்கே சொல்வது ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை.) சம்பளம் பெறும் உதவி ஊழியர் எவரும் இல்லை. மனைவி ஆசிரியை. பிள்ளைகள் இரண்டு பேர்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது அவர் தன் சபையில் ஆராதனையில் நின்றார். அன்று மாலையே ஆசுபத்திரிக்குப் போனார். அடுத்த வாரங்கள் செத்த வீடுகளில் கழிந்தன. அந்த வருடம் முழுக்க ஆராதனை நேரத்தில் கண் வாசலிலேயே இருந்தது என்று பின்னாளில் சொன்னார். அதற்குப் பின் 2020, 2021 முடக்க காலம். 2022இல் பொருளாதார நெருக்கடி: எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரம் 4 லீற்றர். அதற்குள் மூன்று சபையையும் பார்க்க வேண்டும். சபை வளவில் வாரம் மூன்று நாள் கஞ்சி காய்ச்சினார்கள். நுண்கடன் தவணை கட்ட வழியில்லாத பெண்கள் விடியற்காலையிலேயே வீட்டு வாசலில் நின்றார்கள். ஒன்று முடிந்து மற்றது வந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். எதுவும் முடியவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறியது, எதையும் இறக்கிவைக்க எவரும் சொல்லவில்லை.

இதோடு ஓர் எண்ணமும் சேர்ந்திருந்தது. 1814இல் மட்டக்களப்பில் வந்திறங்கிய முதல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மறு வருடமே நோயில் இறந்துபோனார். எங்கள் பகுதிப் பிரசங்கங்களில் அவர் கதையை, தன்னை எரித்து வெளிச்சம் கொடுத்த ஊழியரின் முன்மாதிரியாகவே சொல்வது வழக்கம். இந்தப் போதகரும் பல தடவை சொல்லியிருக்கிறார். ஓல்டின் அர்ப்பணிப்பில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் ஓர் அகால மரணத்தை வேலைத்திட்டமாக மாற்றி, இறையியல் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் தலையில் வைக்கிறோம். அது பிழை.

## வெளியே தெரிந்தது

2023 ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு செத்த வீடு. கல்லறையில் நின்று ஜெபிக்கும்போது போதகர் இறந்த தாயின் பெயருக்குப் பதிலாக, மூன்று வாரத்துக்கு முன் அடக்கம் செய்த வேறொருவரின் பெயரைச் சொன்னார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. மகன் மெதுவாகத் தோளைத் தொட்டு, "ஐயா, அம்மாட பேர்..." என்றார். போதகர் திருத்திக்கொண்டு முடித்தார். வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு வெட்கம்கூட வரவில்லை. அதுதான் தன்னைப் பயப்படுத்தியது என்றார்.

மனைவி கண்டது வேறு. "ராவு முழுக்க நித்திரை இல்ல, ஐயா. வீட்ட வந்தா மோட்டச்சைக்கிள நிப்பாட்டிப்போட்டு இறங்காம அப்படியே இரிக்காரு. தலையில ஹெல்மெட்டும் கழட்டல்ல. சின்னவன் போய்க் கூப்பிட்டாத்தான் உள்ள வருவாரு." சில நாள் அது இருபது நிமிடம் வரை நீண்டதாம்.

பிரசங்கக் குறிப்பு எழுதும் சீஆர் கொப்பியை அவரே எங்களிடம் காட்டினார். மே மாதத்துக்குப் பிறகு புதிய பிரசங்கம் ஒன்றும் இல்லை. பழைய குறிப்புகளில் திகதியை வெட்டிப் புதுத் திகதி போட்டிருந்தார். ஒரு பக்கத்தில் நாலு திகதி. பிரசங்கம் கேட்டவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பதினான்கு வருடம் பேசிப் பழகிய நாக்கு, உள்ளே ஒன்றுமில்லாமலே நாற்பது நிமிடம் பேசும். போதகரின் பணிச்சோர்வு நெடுநாள் மறைந்து கிடப்பதற்கு இந்தத் திறமையே முதல் காரணம்.

## முதல் மருந்து தவறிய விதம்

பெயர் மாறிய செய்தி மூப்பர்களுக்குப் போனது. அவர்கள் நல்ல மனதோடு ஒரு முடிவு எடுத்தார்கள்: ஐயாவுக்காக மூன்று நாள் உபவாச ஜெபம், கடைசி நாள் முழு இரவு ஜெபம். நடத்துவது யார்? ஐயாதான். இரண்டாம் நாள் பின்னேரம் முழங்காலில் இருந்து எழும்பும்போது தலைசுற்றி பெஞ்சில் மோதி விழுந்தார். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியர் தலையில் கைவைத்துச் சோர்வின் ஆவியைக் கடிந்துகொண்டார். போதகர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தனக்குள் பாவமோ பிசாசோ இருக்கிறது என்று அவரே நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் மனைவி எங்களைத் தேடி வந்தார்.

எங்கள் தாதிய உத்தியோகத்தரின் முதல் கேள்வி, கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தீர்கள் என்பது. சோதித்ததே இல்லை. வெறும் வயிற்றில் எடுத்த சீனி 148, ஒரு கிழமைக்குப் பின் திரும்ப எடுத்தபோது 151. 126ஐத் தாண்டி இரண்டு தடவை வந்தால் அது நீரிழிவு. கண்டுபிடிக்கப்படாத சீனி வருத்தத்தோடு ஒரு மனிதரை மூன்று நாள் பட்டினி போட்டிருந்தோம் என்று தெரிந்தபோது தலைமை மூப்பர் அழுதார். உபவாசத்துக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. ஆனால் நாற்பது தாண்டிய எவரும் நீண்ட உபவாசத்துக்கு முன் சீனியும் பிரசரும் பார்க்க வேண்டும். ஏற்கனவே குளிசை போடுபவர்கள் வைத்தியரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. தைரொயிட், இரத்தச்சோகை சோதனைகளும் செய்யப்பட்டன. அவற்றில் குறை இல்லை.

## வறட்சியா, சோர்வா, நோயா

இந்தக் கேள்விக்கு நாங்கள் நேரம் எடுத்தோம், ஏனென்றால் மூன்றுக்கும் பரிகாரம் வேறு.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பேர்ன் அவுட் எனப்படும் பணிச்சோர்வை அது நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றே சொல்கிறது. அதற்கு மூன்று முகம்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்படைவது, செய்வது எதுவும் பயன்தரவில்லை என்ற உணர்வு. போதகரிடம் மூன்றும் இருந்தன. "சனம் வாசலுக்கு வந்தா முகம் தெரியிறதில்ல, பிரச்சினதான் நடந்து வாற மாதிரி இருக்கும்" என்பது இரண்டாவது முகத்துக்கு அவருடைய சொல்.

ஆன்மீக வறட்சி வேறு. 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி சிலுவை யோவான் விவரித்த இருண்ட இரவில் ஆள் கடவுளைக் காணாமல் தவிக்கிறார், ஆனால் அன்றாடக் கடமையிலும் பிறர்மேல் உள்ள அன்பிலும் தளர்வதில்லை. இவரிடம் அந்தத் தவிப்புக்கூட இல்லை. "ஜெபம் வராதது கவலையா?" என்று ஓய்வுபெற்ற போதகர் கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்து, "இல்ல ஐயா. அந்த நேரத்துக்குப் படுத்திருக்கலாம் எண்டு தோணுது" என்றார்.

மனச்சோர்வு நோய் மூன்றாவது. ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 படிவத்தில் அவர் பெற்றது 27க்கு 13, அதாவது நடுத்தர அளவு (எண் குறைந்தால் நல்லது). ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. உளவளத்துணையாளர் சுற்றிவளைக்காமல் கேட்டார். தற்கொலைத் திட்டம் இல்லை, ஆனால் காலையில் எழும்பாமலே போனால் நல்லம் என்ற எண்ணம் வாரத்தில் மூன்று நாலு நாள் வருகிறது என்றார். கேட்டால் எண்ணம் வளர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறோம்: வளராது. கேட்ட அன்றைக்குத்தான் அவர் அதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். சபைக் காணிக்காக வீட்டுப் பின்புறம் வைத்திருந்த களைநாசினிப் போத்தல்கள் இரண்டையும் அன்று மாலையே மூப்பர் எடுத்துப்போனார். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 மனைவியின் போனில் பதியப்பட்டது. அடுத்த கிளினிக் நாளில் மனநல வைத்தியரிடம் கூட்டிப்போனோம்.

ஆக இவருக்கு இருந்தது பணிச்சோர்வு, அதன் மேல் மனச்சோர்வு, அடியில் நீரிழிவு. எடுத்த எடுப்பில் ஆன்மீகக் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால் மூன்றையும் தவறவிட்டிருப்போம்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, உடம்பிலிருந்து தொடங்குவது. 1 இராஜாக்கள் 19இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டபோது தூதன் உபதேசம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துத் தட்டி எழுப்பினான். எலியா தின்று குடித்துத் திரும்பவும் படுத்தார். தூதன் இரண்டாம் தரமும் வந்து சாப்பாடு கொடுத்தான். ஓரேப் மலையில் கடவுளின் மெல்லிய சத்தம் கேட்பது அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடைக்குப் பிறகு. இந்த ஒழுங்கையே அப்படியே பின்பற்றினோம்: நித்திரை, சாப்பாடு, நடை, பிறகுதான் மற்றது.

இரண்டாவது, லீவு. பன்னிரண்டு வாரம் கேட்டோம், மேலிடம் எட்டு வாரம் கொடுத்தது. செப்டெம்பர் 17 தொடங்கியது.

மூன்றாவது, இராஜினாமாக் கடிதம். அதை அவர் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வறண்ட காலத்தில், நல்ல காலத்தில் எடுத்த முடிவை மாற்றாதே என்பது இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தரும் விதி. இயேசு சபைக் குருமார் தலைமுறைகளாகப் படிப்பித்த மட்டக்களப்பில் இது புரட்டஸ்தாந்தருக்கும் அந்நியமான பேச்சல்ல. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி ஓய்வுபெற்ற போதகரிடம் கொடுத்தார். ஜனவரியில் கேட்டால் திருப்பித் தருவது, கிழிப்பதோ அனுப்புவதோ அவர் விருப்பம்.

நாலாவது முடிவுதான் ஆன்மீக ரீதியில் முக்கியமானது: மூன்று வாரத்துக்கு அவர் சொந்த வார்த்தையில் ஜெபிக்கக் கூடாது. ஜெபமே தொழிலான ஒருவருக்கு இன்னும் அதிகம் ஜெபி என்று சொல்வது, முதுகு முறிந்த மூட்டைக்காரருக்கு இன்னொரு மூட்டை கொடுப்பது. வாய் திறந்தால் பிரசங்க வசனம்தான் வரும். ஆகவே மற்றவர்கள் ஜெபிப்பார்கள், அவர் ஆமென் மட்டும் சொல்லலாம், அதுவும் வந்தால். காலையில் மனைவி ஒரு சங்கீதம் வாசிப்பார், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். தெரிந்தெடுத்தவை 13, 42, 77, 88, 130. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. இறுதியில் ஸ்தோத்திரம் சேர்த்து முடிக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னோம்.

வேதம் வாசிக்கத் தொடங்கும்போதும் ஒரு விதி: கையில் பேனா இருக்கக் கூடாது. பேனா இருந்தால் குறிப்பு வரும், குறிப்பு வந்தால் பிரசங்கம் வரும், பிறகு வாசிப்பது அவருக்கல்ல, சபைக்கு.

## முதல் நாலு வாரம்

சரிவரவில்லை. போதகர் இல்லம் ஆலய வளவுக்குள்ளேயே இருக்கிறது. லீவில் இருக்கிறார் என்று அறிவித்தாலும் படலைக்கு ஆள் வரும், "ஐயா, ஒரு நிமிசம்தான்" என்று. இரண்டாம் வாரத்தில் இரண்டு அடக்க ஆராதனை நடத்திவிட்டார். இல்லை என்று சொல்லச் சொன்னோம். சொல்லத் தெரியாதது அவருடைய குறை என்று நினைத்தோம். குறை எங்களுடையது. வீட்டு வாசலையும் போனையும் அவர் கையில் விட்டுவிட்டு ஓய்வெடுக்கச் சொல்வது ஓய்வு கொடுப்பது ஆகாது.

மூன்றாம் வாரக் கிளினிக்கில் வைத்தியர் மனச்சோர்வுக்குக் குளிசை தொடங்கினார். போதகர் தயங்கினார், விசுவாசக் குறைவு என்று. ஓய்வுபெற்ற போதகர் கேட்டார்: "சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டீங்க தம்பி. அப்ப விசுவாசத்தப் பத்தி ஏன் கேக்கல்ல?" குளிசை வேலைசெய்ய இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும், இடையில் நிறுத்தக் கூடாது, குறைப்பதும் வைத்தியர் சொன்னபடிதான் என்று தாதிய உத்தியோகத்தர் எழுதிக்கொடுத்தார். எழுதிக்கொடுப்பது முக்கியம். களைத்த மூளையில் காதால் கேட்டது தங்காது.

## கடற்கரைப் பக்கத்து வீடு

ஐந்தாம் வாரம் அவர் திருக்கோவில் பக்கம் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போனார். மனைவி வெள்ளி பின்னேரம் பஸ்ஸில் போய் ஞாயிறு திரும்புவார். போன் மூப்பரிடம். பட்டன் போன் ஒன்றில் ஐந்து இலக்கம் மட்டும். சகலன் வயல் செய்பவர், வீட்டில் பயிருக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்கள் இருக்கும். அவற்றைப் பெட்டியில் பூட்டித் திறப்பைத் தன்னிடம் வைத்திருக்க அவர் சம்மதித்த பிறகே இடமாற்றம் நடந்தது.

மாரிப்போக விதைப்புக் காலம் அது. சகலன் காலை 6 மணிக்கு வயலுக்குப் போகும்போது இவரும் போனார். வேலை, உடைந்த வரம்பைக் கட்டுவது. மண்வெட்டியால் சேற்றை வெட்டி அப்பி, காலால் மிதித்து, மேலே வழித்துவிடுவது. சகலன் அதிகம் பேசாதவர். ஒரு முழ வரம்பு கட்டினால் ஒரு முழ வரம்பு இருக்கும், நாளைக்கும் இருக்கும். செய்ததன் பலனைக் கண்ணால் கண்டு எத்தனை வருடமோ என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். ஆறாம் வாரம் இரவு நித்திரை ஆறு மணித்தியாலத்தை எட்டியது. எட்டு மணிக்குச் சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுப்பது வழக்கமானது.

ஞாயிறுகளில் பக்கத்து ஊர் ஆலயத்தில் கடைசி பெஞ்சில் இருந்தார். போதகர் என்று அங்கே யாருக்கும் சொல்லவில்லை.

ஏழாம் வாரத்தில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். முன்னேற்றம் கண்டு, அன்றைய நாளை இரவில் தேவனுக்கு முன்பாகத் திரும்பிப் பார்க்கும் ஆய்வு ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தோம். நல்ல பயிற்சிதான். ஆனால் அவர் அதைக் குற்றப்பத்திரிகையாக்கிவிட்டார்: இன்று யாருக்கு உதவவில்லை, யாரை மறந்தேன், எந்தக் குடும்பம் பட்டினி. நாலு இரவில் நித்திரை திரும்பக் குழம்பியது. உடனே நிறுத்தி, ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைத்தோம்: இன்றைக்கு எனக்குக் கிடைத்தது என்ன? முதல் நாள் பதில், "எருமைத் தயிர்." இரண்டாம் நாள், "மழை வரமுந்தி வரம்பு முடிஞ்சுது." பாவ அறிக்கைப் பகுதியைப் பத்து வாரம் தாண்டித்தான் சேர்த்தோம். மனச்சோர்வில் இருப்பவரிடம் தன்னை ஆராயச் சொல்வதற்கு முன், பெறுவதற்குப் பழக்க வேண்டும்.

நவம்பர் நடுவில் பிஎச்கியூ-9 மதிப்பு 9.

## இதற்கிடையில் சபையில்

யாத்திராகமம் 18இல் மாமனார் எத்திரோ மோசேயிடம், செய்கிற காரியம் நல்லதல்ல என்று நேரே சொல்கிறார். நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். இதை வைத்தே மூன்று சபையின் மூப்பர்களையும் ஒன்றாக இருத்திப் பேசினோம். நோய் விவரம் சொல்லவில்லை. "ஐயா சுகவீனம், வைத்தியர் ஓய்வு சொல்லியிருக்கிறார், வேலையைப் பிரிக்காவிட்டால் திரும்பி வந்தாலும் நிலைக்க மாட்டார்" என்பதே அறிவித்தல். ஐயாவுக்கு விசுவாசம் தளர்ந்துபோச்சு என்றும், செய்வினை என்றும் பேச்சு இருந்தது. மறுத்துப் பேசி நேரம் போக்காமல், செத்த வீட்டு ஒழுங்கை முதலில் மாற்றினோம்.

அவருடைய இரண்டு வார நாட்குறிப்பைத் திருப்பி எழுதியபோது வாரம் 70 மணித்தியாலத்துக்கு மேல் வந்தது. அதில் போதகர் மட்டுமே செய்யக்கூடியவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி, பாடசாலை அனுமதிக் கடிதம், பிரதேச செயலகத்துக்குக் கூடப்போவது, கஞ்சிக்கு அரிசிக் கணக்கு, தண்ணீர் மோட்டர் திருத்துவது. அயல் சபைப் போதகர்கள் இருவரோடு அடக்க ஆராதனை முறை வைத்தோம். வீடு சந்திப்புக்குப் பதினான்கு பேர், இருவர் இருவராக ஏழு சோடி, ஒவ்வொரு சோடிக்கும் பதினாறு பதினேழு வீடு. அதில் ஒன்பது பேர் பெண்கள். அறுபது தாண்டிய ஒரு விதவைத் தாய் முதல் மாதத்திலேயே எல்லா வீடும் முடித்து, இவ்வளவு நாளும் தன்னை யாரும் கேட்கவில்லையே என்றார்.

## டிசெம்பர்

எட்டு வாரம் முடிந்ததும் இழுபறி தொடங்கியது. நத்தாருக்கு ஐயா வேண்டும் என்றது சபை. போதகரும் வரத் தயார். வைத்தியரும் நாங்களும் வேண்டாம் என்றோம்: அந்த மாதத்தில் கரோல், ஒளிவிழா, வீட்டுக்கூட்டம் என்று இருபதுக்கு மேல் நிகழ்ச்சி. மேலிடம் ஜனவரி 14 வரை நீடிப்புக் கொடுத்தது, மொத்தம் பதினேழு வாரம். சிலர் கோபித்துக்கொண்டார்கள், ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போனது. அந்த இழப்பை மறைக்கவில்லை.

## ஜனவரி 7

2024இன் முதல் ஞாயிறு. மெதடிஸ்த மரபில் புது வருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை நடக்கும். மெதடிஸ்த இயக்கத்தின் தலைவர் ஜோன் வெஸ்லி 1755இல் தொடக்கிய வழக்கம். போதகர் ஒரு மெதடிஸ்த ஆலயத்தில் கடைசி பெஞ்சில் மனைவியோடு இருந்தார். அந்த உடன்படிக்கை ஜெபத்தில் சபையார் சேர்ந்து சொல்லும் ஒரு பகுதி உண்டு: உமக்காக வேலையில் அமர்த்தப்படவும் சம்மதம், உமக்காக ஒதுக்கி வைக்கப்படவும் சம்மதம் என்ற பொருளில். முதல் பாதியை எல்லோரோடும் சொன்னார். இரண்டாம் பாதியில் வாய் நின்றுவிட்டது.

மறுநாள் ஓய்வுபெற்ற போதகரிடம் சொன்னது: "நாலு மாசமா எனக்கு நடந்தத நான் தண்டன எண்டுதான் நினைச்சிருந்தன் ஐயா. ஒதுக்கி வச்சதும் அவர்தான், வச்சிருந்த இடத்துல அவரும் இருந்திருக்கார்." அன்று இரவு அவர் சொந்த வார்த்தையில் ஜெபித்தார். மனைவியின் கணக்கில் அது ஒரு நிமிடமும் இராது. பெரிய அழுகையோ அனுபவமோ இல்லை. ஆனால் செப்டெம்பருக்குப் பிறகு அவர் தானாகக் கேட்ட முதல் ஜெபம் அது. இதையே நாங்கள் புத்துயிர் என்கிறோம். குளிசையும் வரம்பும் நித்திரையும் மனைவி வாசித்த சங்கீதங்களும் வழி திறந்தன. அந்த வழியால் வந்தது கிருபை. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க எங்களுக்கு மனமில்லை.

பிஎச்கியூ-9 மதிப்பு 6, வெறும் வயிற்றுச் சீனி 112. உறையைக் கேட்டு வாங்கித் திறக்காமலே அடுப்பில் போட்டார்.

## திரும்பி வந்த ஒழுங்கு

முதல் இரண்டு வாரம் ஓர் ஆராதனையில் மட்டும், பிரசங்கம் இல்லாமல். மூன்றாம் வாரம் முதல் ஞாயிறுக்கு ஒரு பிரசங்கம், ஏழாம் வாரம் முதல் இரண்டு. மூன்றாவது சபையில் மாதம் ஒரு முறை போதகர், மற்ற ஞாயிறுகளில் பயிற்சி பெற்ற சபையார். திங்கள் மாலை 6 தொடக்கம் செவ்வாய் மாலை 6 வரை ஓய்வுநாள். அந்த 24 மணித்தியாலமும் போன் மூப்பரிடம். ஒரு மட்டையில் எச்சரிக்கை அறிகுறிகள் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டப்பட்டது: மூன்று இரவு நித்திரை குழம்புவது, பழைய பிரசங்கத்துக்குத் திகதி மாற்றுவது, வண்டியிலிருந்து இறங்காமல் இருப்பது. எதைக் கண்டாலும் எங்களுக்கு அழைப்பது மனைவி. அவர் அனுமதி கேட்கத் தேவையில்லை.

அந்த அழைப்பு மார்ச் கடைசியில் வந்தது. 2024இல் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 31. பரிசுத்த வாரத்தில் ஏழு ஆராதனை, ஐந்து இரவு நித்திரை இல்லை. ஏப்ரல் முதல் பத்து நாளும் வேலையிலிருந்து எடுத்தோம். ஏப்ரல் 21 நெருங்குவதும் அதில் ஒரு பங்கு என்பதை அப்போதுதான் அவர் பேசினார். அதற்காக உளவளத்துணை ஆறு அமர்வு தொடர்ந்தது.

நவம்பர் கடைசியில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெருவெள்ளம். ஆலய மண்டபத்தில் 23 குடும்பம் தங்கியது. சமையல், பதிவு, மருந்து எல்லாம் சந்திப்புக் குழுவின் கையில். போதகர் பகலில் மண்டபத்தில், இரவு பத்துக்குப் பின் வீட்டில். ஒரு செவ்வாய் போனது. அடுத்த வாரம் இரண்டு நாளாகத் திருப்பிக் கொடுத்தார்கள். டிசெம்பரில் பிஎச்கியூ-9 மதிப்பு 4. குளிசை வைத்தியரின் மேற்பார்வையில் குறைக்கப்பட்டு வருகிறது, சீனிக்கான குளிசை தொடர்கிறது.

## இன்னொரு முறை என்றால்

லீவின் முதல் நாளே வீட்டை விட்டு அனுப்புவோம். நாலு வாரம் வீணானது. உபவாச ஜெபத்துக்குப் பதில் மூப்பர்கள் சாப்பாடு கொண்டுபோகும் முறை வைப்போம். ஆய்வு ஜெபத்தை மூன்றாம் மாதத்துக்கு முன் தொடமாட்டோம். 2019க்குப் பிறகு இந்தக் கரையில் ஊழியம் செய்த எவரிடமும் அந்த நாளைப் பற்றித் தொடக்கத்திலேயே கேட்போம், அவராகச் சொல்லும்வரை காத்திருக்காமல்.

மனைவியைப் பற்றிய எங்கள் பிழை எல்லாவற்றிலும் பெரியது. சங்கீதம் வாசித்தவர், பஸ் ஏறியவர், பாடசாலைக்குப் போய் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தவர், வாசலுக்கு வந்தவர்களுக்குப் பதில் சொன்னவர் அவர். பத்தாம் வாரத்தில் பஸ் தரிப்பிடத்தில் மயங்கி இருந்துவிட்ட பிறகே அவருக்கு எப்படி என்று கேட்டோம். அவருடைய இரத்தச்சோகை அப்போதுதான் தெரிந்தது. இப்போது செவ்வாய் பின்னேரம் பிள்ளைகளைச் சந்திப்புக் குழுவின் அந்த விதவைத் தாய் பார்க்கிறார். போதகர் பிட்டு அவிக்கிறார். அந்த நேரத்தில் மனைவி படுத்துத் தூங்குகிறார்.

படுவான்கரைச் சபைக்கு இன்னும் நிரந்தர ஊழியர் கிடைக்கவில்லை.